முதலில் வாய்... அப்புறம்தான் விரல்!

சாயங்காலம் ஆறு மணிக்குச் சென்னையில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் ஏறினால், ஒரு தளத்திலிருந்தாவது கீபோர்டு சத்தம் கேட்கும். பெரும்பாலும் 'ட்விங்கிள் ட்விங்கிள்'தான். நான்கு சுரம் போய், ஒரு சுரம் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: ''இன்னும் பத்து நிமிஷம் வாசிச்சுட்டுப் போடா!''

அந்த மெட்டு இங்கிலீஷ்காரர்களுடையதுகூட இல்லை. 18-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் புழங்கிய பாட்டு அது. ஒரு பெண் தன் மனசில் இருப்பதை அம்மாவிடம் சொல்வதாக அமைந்தது. மொஸார்ட் அதை எடுத்துப் பியானோவில் 12 விதமாக மாற்றி எழுதினார். நட்சத்திரத்தைப் பற்றி ஜேன் டெய்லர் எழுதிய ஆங்கிலக் கவிதை 1806-ல் வெளியானது. பிற்பாடு அந்தக் கவிதை இந்த மெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, மயிலாப்பூர் குழந்தையின் முதல் பாடம் ஒரு பிரெஞ்சு மெட்டு.

அதில் தப்பே இல்லை. நல்ல மெட்டு, சின்னக் கைக்கு வசதியான மெட்டு. ஆனால், இதே குழந்தைக்குப் பாட்டி பாடித் தூங்கவைத்த மெட்டு, நிலாவைக் கூப்பிட்டுச் சோறு ஊட்டிய மெட்டு, கீபோர்டு வகுப்பின் வாசலில் செருப்போடு சேர்ந்து நின்றுவிடுகிறதே, ஏன்?

நூறு வருடங்களுக்கு முன்பு ஹங்கேரியில் இரண்டு பேருக்கு இதே கேள்வி வந்தது. ஒருவர் பேலா பார்டோக், இன்னொருவர் ஸோல்டான் கோடாய். கேள்வி கேட்டதோடு நிற்காமல், ஆளுக்கொரு பக்கமாக ஆயுள் முழுக்க அதற்குப் பதில் தேடினார்கள்.

ஒரு விரல், நாற்பது பாட்டு

பார்டோக் பிறந்தது 1881-ல். பிறந்த ஊர் அன்றைக்கு ஹங்கேரியில் இருந்தது. இன்றைக்கு ருமேனியாவில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட அம்மைத் தடுப்பூசி ஒத்துக்கொள்ளாமல், உடம்பெல்லாம் தடிப்பு. ஐந்து வயது வரை அது விடவில்லை. வெளியே போய் மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாது. வீடு, அம்மா, வீட்டிலிருந்த பியானோ, அவ்வளவுதான் உலகம்.

அம்மா பவுலா ஆசிரியை. நான்கு வயதிலேயே, தனக்குத் தெரிந்த நாற்பது பாட்டுகளைப் பையன் ஒற்றை விரலால் பியானோவில் தட்டி எடுத்தான் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டு காதில் இருந்தது. விரல் அதைத் தேடிக் கண்டுபிடித்தது. முறையான பாடம் ஆரம்பித்ததே ஐந்தாவது பிறந்த நாளில்தான், அதுவும் அம்மாவிடம். இரண்டு வருடத்தில் அப்பா இறந்துவிட்டார். டீச்சர் வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் பையனையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு அலைந்தார் பவுலா. எந்த ஊருக்குப் போனாலும் மகனின் பியானோ மட்டும் நிற்கவில்லை.

புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் படித்து, நல்ல பியானோ கலைஞர் என்று பெயரும் வாங்கிய பார்டோக்கிடம், 'ஹங்கேரிய நாட்டுப் பாடல் எது?' என்று அன்றைக்குக் கேட்டிருந்தால், நகரத்து ஹோட்டல்களில் வயலினோடு வாசிக்கப்பட்ட பாடல்களைத்தான் காட்டியிருப்பார். ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. சினிமாவில் வரும் 'கிராமத்துப் பாட்டு'தான் கிராமத்துப் பாட்டு என்று நம்மூரில் நம்புகிறவர்கள் இல்லையா, அதுபோல.

1904 கோடையில் அது மாறியது. வேலை செய்யவும் ஓய்வெடுக்கவும் ஒரு கிராமத்துப் பக்கம் போய்த் தங்கியிருந்தார். வயது 23. அதே இடத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம்பெண் வந்திருந்தாள். பெயர் லிடி டோஷா. டிரான்சில்வேனியாக்காரி. வேலை செய்தபடியே அவள் பாடிய பாட்டு இவர் காதில் விழுந்தது. சேற்றில் விழுந்த சிவப்பு ஆப்பிளைப் பற்றிய பாட்டு. ஹோட்டல் வயலினில் கேட்ட எதைப்போலவும் அது இல்லை. அவளை உட்காரவைத்து, தெரிந்த பாட்டையெல்லாம் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். அந்த ஆப்பிள் பாட்டு அடுத்த வருடமே அவருடைய பியானோத் துணையோடு அச்சில் வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், அவள் கச்சேரி செய்யவில்லை. குழந்தை வளர்க்கும் வேலையில் இருந்தாள். அந்தப் பாட்டு அந்த வேலையின் பாகம்.

மெழுகு உருளையோடு...

1905-ல் கோடாயின் அறிமுகம் கிடைத்தது. பார்டோக்கைவிட ஒரு வயது இளையவர். நாட்டுப் பாடல்களைச் சேகரிக்க ஏற்கெனவே கிளம்பியிருந்தவர், 1906-ல் அவற்றின் அமைப்பைப் பற்றியே ஆய்வு எழுதி முடித்தார். இரண்டு பேரும் எடிசனின் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். குழாயின் வாய்க்குள் பாட வேண்டும். மெழுகு உருளையில் அது கோடாகப் பதியும். ஒரு உருளையில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்தாலே பெரிய விஷயம். போட்டுப் போட்டுக் கேட்டால் மெழுகு தேய்ந்துவிடும். கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிரமம், பாட வைப்பது. 1907-ல் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் அதை நாடகம் மாதிரியே எழுதியிருக்கிறார் பார்டோக். 'உங்களுக்குப் பழைய பாட்டு தெரியுமாமே' என்று ஒரு கிராமத்து அம்மாளிடம் போய்க் கேட்கிறார். பட்டணத்து ஐயா தன்னைக் கேலி செய்கிறாரோ என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஏதோ புதுப் பாட்டு ஒன்று வருகிறது. 'இது இல்லை, இன்னும் பழசு' என்றால் சர்ச் பாட்டு வருகிறது. தாத்தா பாட்டி காலத்துப் பாட்டு மட்டும் வெளியே வர மாட்டேன் என்கிறது. பட்டிக்காட்டுப் பாட்டை ஒரு கோட்டு போட்டவர் எதற்குக் கேட்கிறார் என்ற கூச்சம் எல்லா ஊருக்கும் பொது. நம்மூர்ப் பாட்டிகளும் முதலில் ''அதெல்லாம் எதுக்கு இப்போ?'' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அப்படிச் சேர்த்ததில் ஒரு பகுதி, 1908, 1909-ல் குழந்தைகளுக்கான பியானோ புத்தகமாக உருமாறியது. பெயரே 'குழந்தைகளுக்கு'. மொத்தம் 85 சின்ன உருப்படிகள், நான்கு பாகங்கள். முதல் இரண்டில் ஹங்கேரியப் பாடல்கள்; அடுத்த இரண்டில் ஸ்லோவாக்கியப் பாடல்கள். எழுத ஆரம்பித்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் குழந்தைகளின் கையளவு தெரிந்திருந்தது. ஒரே கையால் ஒரு ஸ்தாயியை எட்டிப் பிடிக்கிற இடமே இந்த உருப்படிகளில் கிடையாது என்று புத்தகத்தின் முகப்பிலேயே அறிவித்துவிட்டார். கீழ் 'ஸ'வில் கட்டை விரலும் மேல் 'ஸ'வில் சுண்டு விரலும் வைக்க, ஏழு வயதுக் கை விரியாது. அப்படி விரிக்கச் சொல்லும் பாடப் புத்தகங்களால் பியானோவே வேண்டாம் என்று ஓடிய பிள்ளைகள் எத்தனையோ.

இன்னொரு காரியமும் செய்தார். 'குழந்தைகள்தானே' என்று சர்க்கரைத் தண்ணீர் கலக்கவில்லை. வலது கை பாட்டின் மெட்டைச் சொல்லும். இடது கை வழக்கமான 'டம் சக் சக்' போடாது. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; திடீரென்று முரணாக ஒரு சுரத்தைச் சேர்க்கும்; சில இடங்களில் மெட்டே இடது கைக்குப் போய்விடும். பாட்டின் இரண்டாவது அடியில் மெட்டு அப்படியே இருக்க, கீழே இருப்பது மாறிவிடும். பாட்டு பழக்கமானது என்பதால் குழந்தைக்குப் பயம் இல்லை. பயமில்லாத அந்த இடத்தில் நின்றபடி, நவீன இசையின் காரம் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் படுகிறது.

உள்ளே இருக்கும் பாடல்களும் வெறும் பொம்மை, பூனைக்குட்டி இல்லை. வட்டமாகச் சுற்றி ஆடும் விளையாட்டுப் பாட்டு இருக்கிறது. தாலாட்டும் உண்டு. கூடவே குடிகாரனின் பாட்டு, பன்றி மேய்ப்பவனின் ஆட்டம், துக்கப் பாட்டு. குழந்தைக்குச் சோகம் புரியாது என்பது பெரியவர்களின் வசதியான நம்பிக்கை. ஒப்பாரி கேட்ட வீட்டில் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அந்த இறங்கும் குரல் தெரியும்தானே?

புத்தகம் இரண்டு மொழிப் பாடல்களைச் சேர்த்துப் பிடித்ததும் சும்மா போகவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920 ஒப்பந்தப்படி ஹங்கேரியின் பெரும்பகுதி துண்டானது. பார்டோக் பிறந்த ஊரும் லிடியின் டிரான்சில்வேனியாவும் ருமேனியாவுக்குப் போயின. ஸ்லோவாக்கியக் கிராமங்கள் செக்கோஸ்லோவாக்கியாவில். அக்கம்பக்கத்து இனத்தாரின் பாட்டையெல்லாம் எதற்கு ஆராய்கிறாய், உனக்கு தேசப்பற்று இல்லையா என்று சொந்த ஊரிலேயே பழி சொன்னார்கள். வரைபடத்தில் எல்லைக்கோடு விழுந்தாலும், பியானோ ஸ்டாண்டில் இருந்த அந்தப் பாகங்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

பாடினவர்கள் வீட்டில் பியானோ கிடையாது. பியானோ இருந்த வீட்டில் அந்தப் பாட்டு கிடையாது. அந்தப் புத்தகம் செய்த முக்கியமான வேலை இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்ததுதான். பாதிக் கதவு என்றும் சொல்லலாம். பாட்டு இந்தப் பக்கம் வந்தது, பியானோ அந்தப் பக்கம் போகவில்லை.

அப்பா எடுத்த பாடம்

பார்டோக் 1907 முதல் 1934 வரை புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியர். அதிகம் பேச மாட்டார். 'இப்படி இல்லை' என்று சொல்லி, தானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். மறுபடி மாணவர் வாசிக்க வேண்டும். அந்த இடம் சரியாகும் வரை அடுத்த வரிக்கு நகர முடியாது. ஆயுளில் பெரும்பங்கு இப்படி வளர்ந்த மாணவர்களோடு போனது.

சின்ன மகன் பீட்டர் பிறந்தது 1924-ல். அம்மா டிட்டாவே பார்டோக்கிடம் பியானோ படித்தவர்தான். பீட்டருக்கு ஒன்பது வயது ஆனபோது, அப்பாவே பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார். உலகம் அறிந்த பியானோ கலைஞர் மகனுக்கு எடுத்த முதல் பாடம் என்ன தெரியுமா? பியானோவே இல்லை. பாட்டு. வெறும் வாய்ப்பாட்டு! சில நாளைக்குப் பாடத்தான் வேண்டும். விரலுக்கு வேலை அப்புறம்தான்.

இதை எழுதிவைத்தவர் பீட்டரே. வழக்கமான பியானோப் பாடமுறை எதையும் அப்பா பின்பற்றவில்லை என்கிறார். பிற்பாடு விரலுக்குப் பயிற்சி தேவைப்படும்போது, அந்த இடத்திலேயே அப்பா சின்னச் சின்னதாக ஏதாவது எழுதிக் கொடுப்பார். மகன் காத்திருப்பான், அப்பா எழுதுவார். அப்படி வந்தவை வளர்ந்து, வேறு பல உருப்படிகளோடு சேர்ந்து, 153 உருப்படிகளும் ஆறு பாகங்களும் கொண்ட 'மைக்ரோகாஸ்மோஸ்' ஆனது. முதல் இரண்டு பாகங்கள் பீட்டருக்கே சமர்ப்பணம். முதல் பாகத்தின் முதல் உருப்படிகளில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஐந்து விரலுக்கு ஐந்து சுரம். பாடிப் பார்க்க முடியாத எதுவும் அதில் இல்லை.

ஏன் முதலில் பாட்டு? பியானோவில் இருக்கும் வசதியே அதன் ஆபத்து. கட்டையை அழுத்தினால் சரியான சுரம் வந்துவிடும். வயலினில் காது கேட்டுத்தான் சுரத்தைப் பிடிக்க வேண்டும். பியானோவில் காதே இல்லாமல்கூட ஒரு வருடம் ஓட்டலாம். புத்தகத்தில் இங்கே புள்ளி, கட்டையில் இங்கே விரல் என்று டைப் அடிப்பதுபோல வாசித்துவிட முடியும். அப்படி வாசிக்கும் குழந்தை தவறான கட்டையைத் தட்டினால் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. பாடத் தெரிந்த குழந்தை தவறாகத் தட்டினால், டீச்சர் சொல்வதற்கு முன்பே முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்புதான் பாதி சங்கீதம்.

பீட்டர் கச்சேரி மேடைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆனார். அப்பாவின் இசையைச் சுத்தமாகப் பதிவுசெய்து வெளியிடுவதிலும், பதிப்புகளில் இருந்த பிழைகளைத் திருத்துவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். 2020-ல் மறைந்தார். காதுக்கு முதலிடம் கொடுத்த பாடத்துக்கு இது பொருத்தமான பலன்தான்.

பார்டோக்கோ, நாஜிகளின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த ஹங்கேரியில் இருக்கப் பிடிக்காமல், அம்மா பவுலா இறந்த பிறகு 1940-ல் அமெரிக்கா போனார். பணக் கஷ்டம், ரத்தப் புற்றுநோய். அந்தக் கடைசி வருடங்களில் அவர் மறுபடி எடுத்துத் திருத்திய புத்தகங்களில் ஒன்று, முப்பது வருடத்துக்கு முந்தைய 'குழந்தைகளுக்கு'. ஆறு உருப்படிகளை நீக்கி 79 ஆக்கினார். 1945 செப்டம்பரில் இறந்தார். திருத்திய பதிப்பு அதன் பிறகே அச்சில் வந்தது.

கோடாயின் பள்ளிக்கூடம்

பார்டோக் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார் என்றால், கோடாய் ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களையே பிடித்துக்கொண்டார். 1925-ல் பள்ளிப் பிள்ளைகள் சிலர் பாடிப்போவதைக் கேட்டு, 'பள்ளியில் இதையா சொல்லித் தருகிறார்கள்!' என்று நொந்துபோனார் என்பார்கள். அதிலிருந்து குழந்தைகளுக்கென்றே எழுத ஆரம்பித்தவர், 1967-ல் இறக்கும் வரை நிறுத்தவில்லை. 1950-ல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில், தினமும் பாட்டு வகுப்பு உள்ள ஆரம்பப் பள்ளி தொடங்கியது. கணக்கு மாதிரி, மொழிப்பாடம் மாதிரி, தினமும்! அவர் வழியில் நாட்டுப் பாடல்களைக் காக்கும் முறையை 2016-ல் யுனெஸ்கோ தன் சிறந்த நடைமுறைகள் பட்டியலில் சேர்த்தது.

அந்த முறையின் உள்ளே எட்டிப்பார்த்தால், தமிழ் வீட்டுக்குப் பழக்கமான முகங்கள் தெரியும். அங்கே 'டோ' என்பது ஒரே இடத்தில் ஆணி அடித்த சுரம் இல்லை. பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ற இடத்தில் 'டோ'வை வைத்துக்கொள்ளலாம். நம்முடைய 'ஸ' மாதிரியே. தாளத்துக்குக் குறியீடு எழுதும் முன், 'தா', 'தீ-தீ' என்று வாயால் சொல்ல வைப்பார்கள். நம்மூர் மிருதங்க வாத்தியார் 'தகதிமி', 'தகிட' என்று ஆரம்பிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கை சைகையால் சுரத்தைக் காட்டுவது இங்கிலாந்தின் ஜான் கர்வன் என்ற பாதிரியாரிடமிருந்து வந்தது; தாளச் சொற்களின் மூலம் பிரான்ஸ். கோடாய்க்கு எங்கிருந்து வாங்குவது என்பதில் கூச்சம் இல்லை. பாட்டு மட்டும் சொந்த ஊர்ப் பாட்டாக இருக்க வேண்டும்.

முதல் பாடம் இரண்டே சுரம், 'ஸோ-மி'. நம் கணக்கில் 'ப-க'. தூரத்தில் இருக்கும் அம்மாவைக் கூப்பிடும் குழந்தையின் குரல் தானாக இறங்கும் இடைவெளி அது என்பார்கள் இந்த முறையில் படித்த ஆசிரியர்கள். அப்புறம் ஒவ்வொரு சுரமாகச் சேர்த்து, ஐந்து சுரம். ஹங்கேரியின் பழமையான பாடல்களில் பல ஐந்து சுரத்தில் அமைந்தவை. 1907-ல் டிரான்சில்வேனியாவில் அவற்றைக் கண்டபோது பார்டோக்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கீபோர்டு இருக்கும் வீட்டில் இதைக் கையோடு சோதித்துப் பார்க்கலாம். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் முதல் கட்டையை 'ஸ' என்று வைத்து, வெள்ளையைத் தொடாமல் கறுப்பிலேயே மேலே ஏறினால் மோகனத்தின் சுரங்கள். இரண்டாவதிலிருந்து ஏறினால் மத்யமாவதி. மூன்றாவதிலிருந்து ஹிந்தோளம். இரண்டு சேர்ந்த கூட்டத்தின் முதல் கட்டையிலிருந்து சுத்த சாவேரி. அதன் இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. பார்டோக்கும் கோடாயும் கிராமத்தில் கேட்ட பழைய ஐந்து சுரப் பாடல்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வரிசையில்தான் நடக்கும். ஐந்தே கட்டையில் ஐந்து ராகத்தின் எலும்புக்கூடு! கமகம் இல்லாமல் ராகம் ஏது என்று வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். எலும்புக்கூடு என்றுதானே சொன்னது.

கோடாய் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார். கறுப்புக் கட்டைகளுக்கு மட்டும் என்றே 24 சின்ன உருப்படிகள் எழுதினார். ஒரு கை ஆரம்பிக்கும், இன்னொரு கை அதே மெட்டைச் சற்றுத் தள்ளித் துரத்திக்கொண்டு வரும். முதல் பகுதியை ஐந்து கோட்டில்கூட எழுதவில்லை. சுர எழுத்தாகவே கொடுத்தார். பார்த்து, பாடி, அப்புறம் வாசி என்பதுதான் ஏற்பாடு.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது. நகரத்துச் சினிமாப் பாட்டு, ஜாஸ் இதெல்லாம் குழந்தையின் ருசியைக் கெடுக்கும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு இன்றைக்கு எடுபடாது. நம் வீட்டுக் குழந்தையிடம் சினிமாப் பாட்டைப் பிடுங்கிவிட்டு நடவுப் பாட்டைக் கொடுத்தால் கீபோர்டுக்கு உறை போட வேண்டியதுதான். ஹங்கேரியின் வரிசையை அப்படியே இறக்குமதி செய்வதும் உதவாது. அமெரிக்காவில் இந்த முறையை எடுத்துக்கொண்டவர்கள் ஹங்கேரியப் பாட்டைத் தூக்கிவைத்துவிட்டு, தங்கள் நாட்டுக் குழந்தைப் பாடல்களைத் தேடிப்போனார்கள்.

வார்த்தை இருக்கிறது, மெட்டு எங்கே?

தமிழில் இதற்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. இருநூறு வருடங்களுக்கு முன்பு, முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் அமைத்தார். 'நோட்டுஸ்வர சாகித்யம்' என்று பெயர். இன்றைக்கும் பாட்டு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். கமகம் அதிகமில்லை, சுலபமாக வாயில் நிற்கும். ஐரோப்பிய மெட்டு நம் குழந்தைகளின் வாய்க்கு வந்துவிட்டது. நம் மெட்டு ஐரோப்பியக் கருவிக்குப் போகும் வழிதான் அத்தனை அகலமாக இல்லை.

ஒரு காரணம், சேகரித்த விதம். தமிழில் நாட்டுப் பாடல்களைத் தேடி அலைந்தவர்கள் குறைவில்லை. பெர்சி மக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாடல்களை கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்ற பெயரில் பதிப்பித்தார். நா.வானமாமலை தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். பெரிய உழைப்பு. ஆனால், இப்படிப்பட்ட புத்தகங்களைத் திறந்தால் பெரும்பாலும் வரிகள் இருக்கும்; சுரம் இருக்காது. பியானோ புத்தகத்தில் இதற்கு நேர்மாறான குறை. பார்டோக்கின் மெட்டை உலகமெங்கும் தேர்வுக்கு வாசிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அதன் வார்த்தை தெரியாது. அது தாலாட்டா, துக்கமா, குடிகாரன் உளறலா என்று தெரியாமலே விரல் ஓடுகிறது. அவர்களிடம் மெட்டு மிஞ்சியது. நம்மிடம் வார்த்தை மிஞ்சியது.

மெட்டு இன்னும் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது இருப்பது எழுபது, எண்பது வயதுத் தொண்டைகளில். பார்டோக் மெழுகு உருளை தூக்கிக்கொண்டு அலைந்த காரியத்துக்கு இன்றைக்குச் சட்டைப் பையில் இருக்கும் போன் போதும். பாட்டி பேரனைத் தட்டித் தூங்கவைக்கும்போது பக்கத்தில் வைத்துவிட்டால் ஆயிற்று. 'பாட்டி, ஒரு பாட்டு பாடுங்க, ரெக்கார்டு பண்ணணும்' என்று போய் நின்றால், கடிதத்தில் வந்த அந்த ஹங்கேரி அம்மாள் மாதிரி சாமி பாட்டுதான் வரும்.

பிறகு குழந்தையோடு உட்கார்ந்து இரண்டு மூன்று நாள் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். கீபோர்டு மூடியே இருக்கட்டும். மெட்டு வாயில் நின்ற பிறகு, ஒற்றை விரலால் தேட விடலாம். எல்லாத் தாலாட்டும் ஐந்து சுரத்தில் அடங்காது; இழுத்து அசைத்துப் பாடும் இடங்கள் கட்டையில் பிடிபடாது. பார்டோக்குக்கும் அந்தச் சிக்கல் இருந்தது. கிராமத்துக் குரலின் நெளிவு சுளிவுகளை ஆய்வுக்காக நுணுக்கமாக எழுதியவர், குழந்தையின் பியானோவுக்கு வரும்போது மெட்டின் தண்டை மட்டும் வைத்துக்கொண்டார். நெளிவு எல்லாம் வாயில் இருக்கட்டும், தண்டு விரலில் இருக்கட்டும். இடது கைக்கு ஆரம்பத்தில் 'ஸ' ஒன்றே போதும். தம்பூராவுக்குப் பழகிய காதுக்கு அது குறையாகத் தெரியாது.

பாட்டி நாலரைக் கட்டையில் பாடினால் மூன்று கறுப்புக் கூட்டத்தின் முதல் கட்டையே 'ஸ'. அதிர்ஷ்டம். அப்படி அமையாவிட்டால், குழந்தை கறுப்புக் கட்டையிலேயே வாசிக்கட்டும். கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். பாட்டியின் சுருதி வரும் வரை அதை ஒவ்வொன்றாக ஏற்றியோ இறக்கியோ அழுத்தினால் போதும்.